மயக்க ஊசி வேண்டாம் என்றேன்

என் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நான் அஞ்சியது குழாய்க்கு அல்ல. மூன்று மாதங்களாக மேல்வயிற்றில் வலி இருந்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தொடங்கும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் செய்யும். ஆறு கிலோ குறைந்திருந்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு எடை குறைந்தால், புண்ணா, கிருமியா, அதற்கும் மேலான ஒன்றா என்பதை உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது நியாயம் என்றே எனக்கும் பட்டது.

அறைக்கு வெளியே செவிலியர் நடைமுறையை விளக்கினார். அந்த மருத்துவமனைக்குக் குடல் மருத்துவர் வெளியூரிலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். சோதனையை இரண்டு விதமாகச் செய்துகொள்ளலாம். ஒன்று, தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தை வாயில் பீய்ச்சிவிட்டு, விழிப்பு நிலையிலேயே செய்வது. மற்றொன்று, கையில் ஓர் ஊசி போட்டு அரைமயக்கத்தில் செய்வது.

"ஊசி போட்டா வலி தெரியாது சார். ஆனா கூட ஒரு ஆளு கட்டாயம் வரணும், வண்டி ஓட்டக்கூடாது. எந்திரிச்சதும் சில பேரு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றவர் சிரித்தார். "ஒருத்தரு அப்புடித்தான் சீட்டுக்கட்ட எங்க ஒளிச்சி வெச்சிருக்காருன்னு சம்சாரத்துக்கிட்ட தானாவே சொல்லிட்டாரு. அப்பறம் அவருக்கே ஞாபகம் இல்ல."

"ஊசி வேண்டாம்" என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. எதையும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தே முடிவெடுப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அன்று அந்தப் பழக்கம் என்னைக் கைவிட்டது. மயக்கத்தில் என் வாயிலிருந்து என்ன வெளிவரும் என்பது எனக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்ததே காரணம்.

அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால், என் மனைவியின் அத்தை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டன் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அவர்களுடையது. அவர் பாரிஸுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். மணவிலக்காகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காரைக்காலில் தாயார் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுக்க, இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். தளம் காயும் நேரமெல்லாம் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் இருந்தார்.

என் மனைவிக்குப் பத்தொன்பது வயதானபோது அவருக்கும் அவளுக்கும் திருமணப் பேச்சு நடந்தது. அத்தைக்கு விருப்பம், பிள்ளைக்கும் விருப்பம் என்றே கேள்வி. என் மாமனாருக்குத்தான் கடல் கடந்து பெண் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, குரும்பகரத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியர் வேலைக்கு வந்திருந்த எனக்கு அவளைக் கொடுத்தார்கள். இதெல்லாம் திருமணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லப்பட்டது. ஒளிவுமறைவு எதுவுமில்லை. என்னை உறுத்தியதும் அதுதான். அன்று மறுக்கப்பட்டது அந்த மனிதர் அல்ல, தூரம். அவ்வாறே, தேர்ந்தெடுக்கப்பட்டதும் நான் அல்ல, பத்து கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு வீடு.

அவள் அவரை 'அத்தான்' என்பாள். என்னை அழைக்க அவளிடம் 'என்னங்க' மட்டுமே உண்டு. உறவுக்குள் மணம் முடிக்காத குடும்பங்களில் கணவனுக்கு முறைப்பெயர் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த இரண்டு மாதங்களில் அடுக்களையிலிருந்து 'அத்தான்' என்ற அழைப்பு எழும்போதெல்லாம் நான் கையிலிருந்த விடைத்தாளில் ஏதாவது ஒரு மாணவனுக்கு அநியாயமாக அரை மதிப்பெண் குறைத்திருப்பேன் என்று அஞ்சுகிறேன். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. என் மனைவிக்கு முறைமாப்பிள்ளையாக நிற்கும் எவரும் எனக்கு உடன்பிறந்தான் முறையாக வேண்டும். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆகவே, எவர்மீது பொறாமையில் வெந்தேனோ அவரை நான் 'அண்ணே' என்று அழைத்தேன். அவர் என்னைத் 'தம்பி' என்றார், அன்பாகத்தான் சொன்னார்.

நான் பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவன். உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று வகுப்பில் சொல்பவன். ஆனாலும் 'பஸ் டிரைவர்தானே' என்று மனத்துக்குள் ஒரு முறையல்ல, பல முறை சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல் எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. அவமானத்தை மட்டும் தந்தது.

சோதனைக்கான ஆயத்தமே இரண்டு வாரம் பிடித்தது. கிருமி இருக்கிறதா என்று திசுவை எடுத்துப் பார்க்கப் போவதால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். மாத்திரை நின்ற மூன்றாம் நாளே வலி தன் முழு உரிமையோடு திரும்பி வந்தது. காரம், புளி, எண்ணெய் மூன்றும் விலக்கு. இரத்தப் பரிசோதனைகள் முடிந்தன. ஒப்புதல் படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற இடத்தில் மனைவி கையெழுத்திட்டாள். "நானே வண்டியில போயிட்டு வந்துடுவேன்" என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"அத்தான் கார் எடுத்துட்டு வரேன்னுருக்காரு. ஒங்கள வண்டியில விட்டுட்டு நான் இங்க உக்காந்து என்ன பண்றதாம்?"

சோதனைக்கு முந்தைய மாலை, எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்ற விதிப்படி, ஆறரை மணிக்கே இலை போட்டாள். அன்று காலை அவர் கடற்கரையிலிருந்து பால்சுறா வாங்கி வந்திருந்தார். சுறாப்புட்டு வாணலியில் கிளறப்படும் மணம் வீடு முழுவதும் இருந்தது. என் இலையில் மூன்று இட்லியும் சிறிது சர்க்கரையும்.

"அத்தான், உப்பு பாத்துச் சொல்லுங்க."

"கச்சிதமா இருக்கு. எங்க அம்மாவுக்குக் கூட இப்புடி வராது."

"பொய்யி. அத்தை காதுல விழுந்தா வெளக்கமாத்த எடுக்கும்."

அவர் சிரித்துவிட்டு என் இலையைப் பார்த்தார். "தம்பிக்கு ஒரு வாய் வெய்யேன், பாவம்."

"அய்யய்யோ, வேற வெனையே வாணாம். காரம் கூடாதுன்னுருக்காங்க."

இரக்கத்துக்கு உரியவனாக ஓர் இலையின் முன் உட்கார்ந்திருப்பதைவிடக் கடினமான இருக்கை வேறு இல்லை. அவர் பேச்சைச் சோதனையின் பக்கம் திருப்பினார்.

"அங்க இதுக்கு ஃபிப்ரோஸ்கோப்பின்னு பேரு தம்பி. எனக்கு ரெண்டு தடவ பண்ணிட்டாங்க. மொத தடவ வீறாப்பா ஊசி வாணாம்னேன். நர்ஸ் கையப் புடிச்சி நசுக்கி, அந்தம்மா கத்தி, ஒரே களேபரம். நீங்க பேசாம போட்டுக்குங்க."

"அத்தானே சொல்றாருல்ல, போட்டுக்குங்களேன்" என்றாள் மனைவி.

அதுவரை எனக்குள் ஏதேனும் தயக்கம் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லில் அது தீர்ந்தது. "தேவையில்லை. தாங்கிக்கொள்வேன்" என்றேன், மேடையில் பேசுபவனைப் போல. அவர் தோற்ற இடத்தில் நான் வெல்லலாம் என்ற எண்ணமும் அப்போது சேர்ந்துகொண்டதை மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை காலை தண்ணீர்கூட அருந்தாமல் கிளம்பினோம். நான் முன்னிருக்கையில், அவள் பின்னால். அவர் மிக நன்றாகக் கார் ஓட்டினார். வேகத்தடைகளில் என் வயிற்றுக்காகவே மெதுவாக ஏறி இறங்கினார் என்பதைக் கவனித்தேன். அதற்காகவும் அவர்மீது கோபம் வந்தது.

காத்திருக்கும் கூடத்தில், எங்களுக்கு எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சாரு! நீங்களுமா?"

பட்டினச்சேரியில் மீன் விற்பவர். எங்கள் ஆசிரியர் நண்பர்கள் சிலர் சேர்ந்து அந்தக் குப்பத்தில் உடல்நலக் கூட்டம் ஒன்று நடத்தியபோது, மலம் கருப்பாகப் போவதாக என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னவர். பயத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய தவறு என்று அவருக்கு நான் அரை மணி நேரம் எடுத்துச் சொல்லியிருந்தேன். என் பேச்சைக் கேட்டே அவர் வந்திருந்தார். வரிசையில் எனக்கு அடுத்தவர்.

"நீங்க முன்னாடி போயிட்டு வாங்க சாரு. நீங்க வந்து எப்புடி இருந்துச்சின்னு சொல்லுங்க, அப்பறம் நான் போறேன்" என்றார். நான் தைரியமாகத் தலையசைத்தேன்.

உள்ளே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பழ வாசனையும் கசப்பும் கலந்த மருந்து தொண்டையில் பீய்ச்சப்பட்டது. சிறிது நேரத்தில் என் தொண்டை வேறு யாருடையதோ போல ஆயிற்று. நடுவில் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பற்களுக்கிடையே கடிக்கக் கொடுத்தார்கள். "முழுங்குங்க... அப்படித்தான்... மூக்கால மூச்சு விடுங்க" என்றார் மருத்துவர். குழாய் இறங்கியது. குமட்டல் அலையாக வந்தது, கண்ணீர் வழிந்தது, ஆனால் தாங்க முடிந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பின்னர் நடந்ததற்குச் சோதனை காரணமல்ல. எதிரே திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் விரிந்தது. நான் தாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. யாரோ உள்ளே வந்து போனதில் கதவு ஒரு விரற்கடை திறந்து நின்றிருக்க வேண்டும். "போங்க அத்தான், நீங்க வேற!" என்றாள். அவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் மறுபடியும் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது?

அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க, வயிற்றுக்குள் ஒரு முழக் குழாயோடு நான் தலையைத் தூக்கிக் கதவின் பக்கம் திருப்பினேன்.

"அசையாதீங்க சார்! சார்!"

குழாய் தொண்டையின் பக்கச் சுவரில் இடித்தது. பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகவே நினைவிருக்கிறது. நான் எழுப்பிய ஒலியை ஒரு மனிதக் குரல் என்று சொல்ல இயலாது. மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறேன். குழாயை உடனே வெளியே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவர் நல்லவர். கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த வியாழன் வாங்க. இந்தத் தடவ ஊசி போட்டுத்தான்" என்றார். வாயில் எச்சில் ஒழுக, கண்கள் சிவக்க நான் வெளியே வந்தபோது மனைவி பதறி எழுந்தாள். ஆனால் முதலில் எட்டி வந்து தோளைப் பிடித்தவர் அவர்தான். தன் கைக்குட்டையால் என் மோவாயைத் துடைத்துவிட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல. எனக்கும் இப்புடித்தான் ஆச்சு." அந்தக் கையை உதறும் வலுகூட அப்போது எனக்கு இல்லை.

எதிர் இருக்கை காலியாக இருந்தது.

"அந்தம்மா போயிட்டாங்க சார்" என்றார் செவிலியர். "ஒங்க சத்தத்தக் கேட்டதும் கெளம்பிட்டாங்க. கூப்புட்டுப் பாத்தேன், நிக்கல."

அடுத்த மூன்று நாட்களும் என் வலியைவிட அந்தக் காலி இருக்கையே என்னை அதிகமாக வருத்தியது. ஒருவர் பிறரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிட்டு, தன் நடத்தையால் அதைப் பொய்யாக்கினால், அவர் சொல்லாமலே இருந்திருந்தால் விளையக்கூடிய தீங்கைவிடப் பெரிய தீங்கு விளைகிறது. அந்தப் பெண்மணி இனி எந்த மருத்துவமனையின் படியையும் மிதிக்க மாட்டார். அவருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. நான் ஒரு சிரிப்பைக் கேட்டுத் தலையைத் திருப்பியதால்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினச்சேரிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் வலையைத் தரையில் விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சாரு, கோவிச்சிக்காதீங்க. நான் வரல. நீங்க படிச்சவங்க, ஆம்பள. நீங்களே ஆடு அறுக்குறாப்புல கத்துனீங்க. நான் செத்தே போயிருவேன்."

"அது சோதனையால் இல்லம்மா. என்னோட தப்பு."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவீங்க. மீட்டிங்குல ஒண்ணு சொல்லுவீங்க, உள்ள போனா வேற."

அவரை நம்பவைக்க என்னிடம் உண்மையைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. வேறு ஏதேனும் பொருத்தமான காரணத்தைப் புனையலாமா என்று சற்று யோசித்தேன். பொருந்தாது, அவர் என் சத்தத்தைத் தன் காதால் கேட்டவர். ஆகவே, யாரிடமும் சொல்லாததை, பாதி மட்டுமே பழக்கமுள்ள ஒருவரிடம், நெத்திலி நாற்றத்துக்கும் வெயிலுக்கும் நடுவே நின்று சொன்னேன். குழாயைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்றும், வெளியே என் மனைவி அவளுடைய அத்தை மகனோடு சிரிப்பது கேட்டது என்றும், அதை ஒட்டுக்கேட்கத் தலையைத் தூக்கினேன் என்றும்.

அவர் கையிலிருந்த நெத்திலி அப்படியே நின்றது. என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அட என் சாமீ! கொழாய வயித்துல வெச்சிக்கிட்டா?"

"ஆமாம்."

"அத்த மவனா? மொறைக்காரரா? அப்பச் செரிதான்." மறுபடியும் சிரித்தார். பிறகு, எதிர்பாராதவிதமாக, கனிவாகக் கேட்டார்: "ஆளு பாக்க நல்லாருப்பாரோ? அன்னைக்கி கார் சாவிய வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தவரா?"

"அவர்தான்."

"நல்லாத்தான் இருந்தாரு" என்றார் நியாயம் தவறாமல்.

அவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அடுத்த வியாழன் நான் முதலில் போக வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது. "ஒரு சின்ன மொனகல் கேட்டாலும் நான் பஸ்ஸ புடிச்சிருவேன், சொல்லிட்டேன்."

எந்த ஊசிக்குப் பயந்து இவ்வளவையும் செய்தேனோ, அதுவே இப்போது கடமையாக என் முன் நின்றது. மயக்கத்தில் நான் உளறினால் மனைவியின் முன் என் பதினோரு ஆண்டுத் தன்மானம் போகும். போடாவிட்டால் ஒரு பெண்ணின் உயிர் போகலாம். எடைபோடுவதற்கே இதில் எதுவும் இல்லை. ஆயினும் இரண்டு நாள் எடைபோட்டேன்.

புதன்கிழமை காலை, மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மாடிக்குப் போய்ச் சொன்னேன். மயக்கத்தில் வெளிவருவதைவிடத் தெளிவில் சொல்வது மேல் என்று தோன்றியது. முழு வாக்கியங்களில், முன்னுரையோடு சொன்னேன். அவள் ஒரு போர்வையைக் கொடியில் போட்டபடியே கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எத்தன நாளா?"

"அவர் வந்த நாள் முதலா."

"பொய் சொல்லாதீங்க."

"கல்யாணம் ஆன நாள் முதலா."

போர்வையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். முகம் தெரியவில்லை. "பதினோரு வருஷமா நீங்க யாரு கூட குடும்பம் நடத்துனீங்க? என்னோடயா, ஒங்க மனசுல இருக்குற அத்தான் பொண்டாட்டியோடயா? ஒரு நாளு என்னைக் கேட்டிருக்கலாம்ல? கூட்டத்துல மைக்கப் புடிச்சி ஊருக்கெல்லாம் கேள்வி கேக்கச் சொல்லிக் குடுக்குறீங்க."

அந்தப் போர்வையைப் பார்த்தே, "அன்று எதற்குச் சிரித்தாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்ல மாட்டேன்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பாதிப் படியில் நின்று, "நாளைக்கி எந்திரிக்கும்போது நான் மட்டும் பக்கத்துல இருக்கேன். அவர வெளிய உக்கார வெச்சிடுறேன். போதுமா?" என்றாள். குரலில் கோபம் தீரவில்லை. போதும் என்றேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தனியாக வந்திருந்தார், மகன் கடலுக்குப் போயிருந்தான். என் மனைவியைப் பார்த்தார், காரை ஓட்டி வந்த அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் உள்ளே போனேன். கையில் ஊசி ஏறியது. வளையத்தைக் கடித்தேன். மருத்துவர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல நினைத்ததுதான் கடைசி.

முடிவுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், கிருமி இருந்தது, பதினான்கு நாள் மாத்திரையில் தீரக்கூடியது. அந்தப் பெண்மணிக்கு இரைப்பையில் பெரிய புண், கசிந்துகொண்டிருந்தது. குழாய் வழியாகவே மருந்து செலுத்திக் கசிவை அடைத்தார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் கடினம் என்றாராம் மருத்துவர். எடுத்த திசுவில் புற்று இல்லை. அவர் இன்றும் மீன் விற்கிறார்.

நான் கண்விழித்தபோது மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றும் ஓசை கேட்டது. வாய் உலர்ந்திருந்தது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் என் மனைவி அல்ல. அவர்.

"அவ எங்க?"

"அந்த மீன்காரம்மா தனியா உள்ள போவ மாட்டேன்னு அடம் புடிச்சிது தம்பி. கையப் புடிச்சிக்க ஆளு வேணும்னுச்சி. இவ கூடப் போயிருக்கா. நீங்க கத்தவே இல்லியாம், அதுக்கு ரொம்ப திருப்தி."

மெதுவாக என் அறிவு திரும்பியது. அதோடு பயமும். "நான் முழிச்சி எவ்ளோ நேரமாச்சு?"

"இருவது நிமிஷம் இருக்கும். இப்பதான் சரியா முழிச்சிருக்கீங்க."

"ஏதாவது பேசுனேனா?"

அவர் கார் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எப்ப ஊருக்குப் போறீங்கன்னு கேட்டீங்க."

"அவ்வளவுதானா?"

"ஒம்பது தடவ கேட்டீங்க தம்பி. நானும் ஒம்பது தடவையும் தேதியச் சொன்னேன். சொன்னதும் வெரல மடக்கி எண்ணுனீங்க. எண்ணிட்டு மறுபடியும் கேட்டீங்க. நர்சு சிரிச்சிட்டு வெளிய போயிடுச்சி."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்ததால் அது அவரை நோக்கியே இருந்தது.

"வேற?"

"வேறயும் சொன்னீங்க" என்றார். "அத விடுங்க." பிறகு, சன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்தோ என்னவோ, தொடர்ந்தார். "அங்க ரெண்டாவது தடவ எனக்கு ஊசி போட்டப்ப, கூட்டிட்டுப் போவ ஆளு வேணும்னாங்க. பக்கத்து வீட்டுல ஒரு கெழவி. அதுங்கிட்ட கெஞ்சி, பூச்செண்டு ஒண்ணு வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போனேன். எந்திரிச்சி நானும் ஏதோ பேசிருப்பேன். தமிழ்ல பேசிருப்பேன். அதுக்கு ஒரு எழவும் புரிஞ்சிருக்காது." சிரித்தார். "எவ்ளோ வசதி பாத்தீங்களா?"

இந்த இடத்தில் என் பொறாமை அடங்கியது என்று எழுத முடிந்தால் எனக்கும் நிறைவாக இருக்கும். அவருக்காக நான் வருந்தினேன், அது உண்மை. அந்த வருத்தம் பொறாமையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர, அதை எழுப்பி அனுப்பவில்லை. மேலும், தன்னைத் துரத்த ஒன்பது முறை கேட்டவனுக்கு ஒன்பது முறையும் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவரை அவளுக்கு ஏன் பிடிக்காமல் போகும் என்ற புதிய கேள்வியும் அங்கே பிறந்தது. அந்தப் பொறுமை என்னிடம் இல்லை என்பதை அவள் பதினோரு ஆண்டுகளாக அறிவாள்.

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்தாள். அந்தப் பெண்மணி பிடித்த பிடியில் அவளது மணிக்கட்டில் வளையல் பதிந்த தடம் சிவந்திருந்தது. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் முக்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு இடம் விட்டார். "கார எடுத்துட்டு வாசலுக்கு வர்றேன்" என்றார்.

'இருங்க அண்ணே' என்று நான் சொல்லியிருக்கலாம். மயக்கம் முற்றிலும் தெளிந்திருந்தது. சொல் நாக்கின் நுனி வரை வந்திருந்தது. அவர் வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றார் என்றுகூட நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். கதவு சாத்திக்கொண்ட பிறகு, மனைவியின் கையை எடுத்து, அந்தச் சிவந்த தடத்தின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.